வந்து சேர்ந்த திருட்டு

அத்தியாயம் 4

பொருள் திருட்டுப் போனால் போலீசுக்குப் போகலாம். பொருள் திருட்டுத்தனமாக வந்து சேர்ந்தால் எங்கே போவது? அண்ணியிடம்தான் போயாக வேண்டும். ஊரில் வேறு நாதி இல்லை.

அண்ணி பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்து போனதாகச் சொல்லப்படும் கடை தானாக எரிந்ததா, முதலாளியே கொளுத்தினாரா என்று சாம்பலைக் கிளறிச் சொல்வது அவர் வேலை. அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தபோது, வீட்டில் வெட்டியாக இருந்த கணவரின் தம்பியையும் கூடச் சேர்த்துக்கொண்டார். அவனுக்கு வீட்டில் சின்னவன் என்று பெயர். காதோரம் நரைத்த பிறகும் சின்னவன்தான். ஸ்கூட்டர் ஓட்டுவது, பை தூக்குவது, யாரும் கேட்காதபோது கருத்துச் சொல்வது, இவையெல்லாம் அவன் பொறுப்பு. கடைசிப் பொறுப்பில் மட்டும் அவன் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.

அன்று காலை அவர்கள் உட்கார்ந்திருந்தது ஒரு வழிகாட்டியின் வீட்டில். கோட்டையையும் கலங்கரை விளக்கத்தையும் பஸ் கம்பெனிக்காரர்கள் காட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, பழைய துறைமுகத்தில் யாரும் எட்டிப் பார்க்காத மூலை முடுக்குகளாகத் தேடிப் பிடித்து ஆட்களைக் கூட்டிப் போகிறவள் அவள். கடல் ஏறுவதையும் இறங்குவதையும் அளந்த அறை, கப்பல் பாய் தைத்த மாடி, இப்படிப்பட்ட இடங்கள். நல்ல ஆபீஸ் வேலையை உதறிவிட்டு இதில் இறங்கியிருந்தாள். கணவன் கப்பலில் சமையல்காரன், பாதி வருஷம் தண்ணீரில் இருப்பான். வீட்டில் அவளும் மாமனாரும்தான்.

"மூணு தடவை நடந்துடுச்சுங்க," என்றாள். "முதல்ல அலை அளக்கிற அறையில ஒரு பித்தளை விளக்கு வந்து உட்கார்ந்திருந்தது. அப்புறம் பாய் தைக்கிற மாடியில ஒரு தோல் கையுறை. இன்னைக்குக் காலையில கொடி அறை, கப்பலுக்குக் கொடி காட்டி சேதி சொன்ன இடம், அதோட ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிறேன், உள்ளே ஒரு ஊதுகுழல் இருக்கு. எதுவும் நான் வச்சதில்ல."

"காணாமப் போனது?"

"ஒண்ணுமில்ல."

"நல்ல திருடனா இருக்கானே. எங்க வீட்டு அட்ரஸ் கொடுங்க, மிக்ஸி ரிப்பேரா கிடக்கு," என்றான் சின்னவன்.

அவள் சிரிக்கவில்லை. கண் வீங்கியிருந்தது. கட்டடப் பராமரிப்பு அதிகாரி, பழைய சாமான் கடையில் வாங்கிய போலிகளை இவளே கொண்டுவந்து வைத்துச் சரித்திரம் என்று ஊரை ஏமாற்றுகிறாள் என்று சொல்லிவிட்டாராம். இன்று மாலை நாலு மணிக்குள், வைத்தது யார் என்று தெரியாவிட்டால் அனுமதி ரத்து. அறைகளைப் பூட்டி உடைந்த நாற்காலி போடும் கிடங்காக்கிவிடுவார்கள்.

"எனக்கு இதை விட்டா ஒண்ணும் இல்ல," என்றாள். "பொழைப்பு போறது கூடப் பரவாயில்ல. பித்தலாட்டக்காரின்னு பேர் வாங்கிட்டுப் போகணுமேன்னுதான் வயிறு எரியுது."

சன்னலோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மாமனார் தம்ளரைக் கீழே வைத்தார். பெரியவர் துறைமுகத்தில் கப்பல்களைக் கரையில் கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'நேர்மையான ஊழியர்' என்று நிர்வாகம் கொடுத்த பட்டயம் அவர் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார். "காலி ரூமுக்குள்ள ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய், இங்க அது இருந்தது, அங்க இது இருந்ததுன்னு கதை சொல்லி சம்பாதிக்கிற ஒரே ஆள் என் மருமகதான். வீட்லயும் அதே பேச்சு. சோறு போடும்போதுகூட அந்தக் காலத்து மாலுமிகளேதான்."

"மாமா, இப்போ அது வேண்டாமே."

"சரி, சரி," என்று பெரியவர் வாயை மூடிக்கொண்டார். முகம் மட்டும் தொங்கிப் போயிருந்தது.

கிளம்பும்போது சின்னவன் கதவோரம் போனான். வந்தவுடன் அவன் பையையும் அண்ணியின் குடையையும் வாங்கி, அங்கிருந்த ஒரே கொக்கியில் பெரியவர்தான் மாட்டி வைத்திருந்தார். அடியில் பை, மேலே குடை. குடை விழுந்துவிடும் என்று ஒரு கையை ஏந்திக்கொண்டே பையை உருவினான். பை வந்தது, குடை இருந்த இடத்தில் இருந்தது. ஏந்திய கை வீணாயிற்று. அவன் அதைப் பற்றி அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

அறைச் சாவிகள் துறைமுக நிர்வாகக் கட்டடத்தில், பராமரிப்பு அதிகாரியின் அறைக்கு வெளியே நடையில் தொங்கின. ஒவ்வொன்றும் கரண்டி நீளம். அதனால் ஒவ்வொன்றுக்கும் கயிற்றில் ஒரு பெரிய வளையம் போட்டு, எல்லாவற்றையும் சுவரில் பதித்த ஒரே இரும்பு முளையில் மாட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே ஓய்வு பெற்றவர்கள் பேப்பர் படிக்கும் அறை. போகிறவர் வருகிறவர் யாரும் எடுக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

"இன்னைக்கு நீங்க கொடி அறைச் சாவியைத் தொட்டீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"இல்ல. ஊதுகுழலைக் கண்ணாடி வழியாதான் பார்த்தேன். பயந்துபோய் நேரா உங்களுக்குத்தான் போன் பண்ணினேன்," என்றாள் வழிகாட்டி.

"அப்போ கடைசியா மாட்டினது நம்ம ஆளு. சின்னவா, கொடி அறைச் சாவிக்கு அடியில துடைப்ப அறைச் சாவி இருக்கு பார். மேல உள்ளதைத் தொடாம அதை எடு."

"வளையத்து மேல வளையம் கிடக்கு. மேல உள்ளதை எடுக்காம எப்படி அண்ணி எடுக்கிறது? நான் என்ன மந்திரவாதியா?" என்று சொல்லிக்கொண்டே இழுத்தான். அடிச்சாவி சுலபமாகக் கையோடு வந்தது. கொடி அறைச் சாவி முளையிலேயே நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கையையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மந்திரவாதிதான் போலிருக்கு."

"மாட்டினவன்தான் மந்திரவாதி. மேல் வளையத்தைச் சும்மா தூக்கிப் போடல. கீழ் வளையத்துக்குள்ள அடியில இருந்து நுழைச்சு, மேல எடுத்து மாட்டியிருக்கான். யாரு வேணும்னாலும் முதல்ல கழட்டிக்கலாம்," என்றார் அண்ணி.

அதற்குள் சத்தம் கேட்டு அதிகாரியே கதவைத் திறந்தார். சட்டைக் கஞ்சி மொடமொடவென்று இருந்தது, குரலும் அப்படித்தான். "துப்பறியறவங்களைக் கூட்டிட்டு வந்தா பயந்துடுவேனா? நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. துறைமுகச் சொத்துன்னா எனக்கு உயிர். ஒரு ஆணி குறையக் கூடாது, ஒரு ஆணி கூடவும் கூடாது."

அவர் பின்னால் மேஜையில் காகிதங்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. பறக்காமல் இருக்க மேலே ஒரு பித்தளைக் குண்டு வைத்திருந்தார். அதன் தலையில் ஒரு சின்ன வளையம்.

"குண்டுக்கு எதுக்குக் காது? அவர் பேசறதைக் கேட்கவா?" என்று சின்னவன் முணுமுணுத்தான். அண்ணி அவன் காலை மிதித்தார்.

அலை அளக்கும் அறை, அலைதடுப்புச் சுவரின் நுனியில் இருந்தது. நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் வட்டமான கல் அறை. தரையில் ஒரு கிணறு, அதில் கடல் தண்ணீர். தண்ணீரோடு ஏறி இறங்கும் ஒரு மிதவை, அதிலிருந்து உருளை வழியாக மறுபக்கம் இறங்கும் ஒரு சங்கிலி.

"உங்க ஆளுங்களுக்குச் சொல்ற மாதிரியே எங்களுக்கும் சொல்லுங்க," என்றார் அண்ணி.

வழிகாட்டியின் குரல் மாறியது. அழுத கண்ணோடுதான் பேசினாள், ஆனால் பேசப் பேச முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. இந்த அறையில் ஒருவர் உட்கார்ந்து கடலை அளந்து சொன்ன பிறகுதான் பெரிய கப்பல்கள் உள்ளே நுழையும் என்றாள். "இதோ இந்தச் சங்கிலி முனையில, மிதவைக்கு எதிர் எடையா ஒரு பித்தளைக் குண்டு இருந்தது. இப்போ கருங்கல்லைக் கட்டி வச்சிருக்காங்க. அந்த அலமாரியில ஒரு விளக்கு இருந்தது. எந்தப் புண்ணியவான் எடுத்துட்டுப் போனானோ, தெரியல."

அந்த விளக்கு இப்போது அலமாரியில் இருந்தது. அண்ணி அதை மெல்லத் தூக்கினார். அடியில் பலகை வட்டமாக வெளுத்திருந்தது. விளக்கைத் திரும்ப வைத்தார். வெளுத்த வட்டம் நூல் பிசகாமல் மறைந்தது.

"போலி இல்ல. இதே விளக்குதான் இங்க இருந்திருக்கு," என்றார்.

"அப்போ எடுத்தவனே கொண்டுவந்து வச்சிருக்கானா? திருடினதைத் திருப்பிக் கொடுக்கிற திருடனா? என்கிட்ட குடை வாங்கிட்டுப் போன சிநேகிதனுங்களை இவன்கிட்ட டிரெயினிங் அனுப்பணும்," என்றான் சின்னவன்.

பாய் தைக்கும் மாடி நீளமாக, தூணே இல்லாமல் கிடந்தது. விரித்த பாயின் மேல் தவழ்ந்து தவழ்ந்து தைத்ததில் தரைப்பலகை வழவழவென்று ஆகியிருந்தது. தடித்த ஊசியைத் தள்ளுவதற்கு உள்ளங்கையில் மாட்டும் தோல் கையுறை, சுவரில் அதே கையின் வடிவத்தில் வெளுத்திருந்த இடத்தில் தொங்கியது. இதுவும் அசல். சின்னவன் சுவரோரம் குனிந்து, பலகை இடுக்கிலிருந்து பாய்த்துணியின் துளையில் பதிக்கும் சின்னப் பித்தளை வளையம் ஒன்றைக் கிளறி எடுத்து, விரலில் போட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தான். பார்ப்பதற்கு அழகாக இருந்தது.

"ஊதுகுழல் வந்த கொடி அறையில ஆளுங்க என்ன சொல்றாங்க?" என்று அண்ணி கேட்டது அவன் காதில் அரைகுறையாக விழுந்தது.

"அங்க இன்னும் யாரையும் கூட்டிட்டுப் போகலீங்க. அடுத்த வாரம்தான் சேர்க்கப் போறேன். இப்போ வீட்ல பேசிப் பழகிட்டிருக்கேன்."

"அதுல ஊதுகுழல் வருதா?"

"வருது. 'இங்கே ஒரு ஊதுகுழல் இருந்தது'ன்னு."

அண்ணி குடையின் நுனியால் தரையில் ஒரு கோடு போட்டு, அதைத் தானே காலால் அழித்தார்.

மத்தியானம் மூவரும் கப்பல் மேடையோரம் பிஸ்கட் தின்றார்கள். சின்னவன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். "பஸ் கம்பெனிக்காரன் வேலைதான் அண்ணி. இவங்களைக் கவுத்துட்டா அவனுக்கு லாபம்."

"பஸ்ஸை விட்டு இறங்காதவனுக்கு இந்த மாடி இருக்கிறதே தெரியாது. பேசாம அங்க பார்."

எதிரே கப்பலைக் கட்டும் குட்டையான இரும்புத் தூண் ஒன்றில் ஏற்கெனவே ஒரு கப்பலின் கயிறு கிடந்தது. இன்னொரு கப்பல் வந்து ஒட்டி நின்றது. அதன் கயிற்று வளையத்தை ஒருவர் வாங்கி, கிடக்கும் வளையத்துக்குள் அடியிலிருந்து நுழைத்து, மேலே இழுத்துத் தூணின் தலையில் போட்டார். கை தானாகப் போய் வந்தது. வாய் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

சின்னவன் பிஸ்கட்டை விழுங்க மறந்தான். எழுந்து ஓடிப்போய்க் கேட்டான்.

"பின்ன? எவன் முதல்ல கிளம்பினாலும் அடுத்தவன் கயித்தைத் தொடக் கூடாது," என்றார் கயிறு கட்டியவர். "கை பழகிப் போச்சு. வீட்ல சட்டையை ஆணியில மாட்டினாக்கூட இப்படித்தான் போகும். பொண்டாட்டி திட்டுவா."

திரும்பி வந்தவன் முகத்தில் வெற்றி தாங்கவில்லை. "கப்பல் கட்டுற ஆளுதான் அண்ணி. ஆனா ஊர்ல பாதிப் பேர் அதே வேலை. யாருன்னு தேடறது?"

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையாதே," என்றார் அண்ணி.

சின்னவன் தன் கையைப் பார்த்தான். கையில் பைதான் இருந்தது. வெண்ணெய் ஒன்றும் தென்படவில்லை.

"நாலு மணிக்கு உங்க மாமாவையும் துணைக்கு வரச் சொல்லுங்க," என்றார் அண்ணி வழிகாட்டியிடம்.

"சொல்லவே வேண்டாங்க. நானும் வர்றேன்னு காலையிலயே சொல்லிட்டார். இப்போ போன் பண்ணினேன், ஏனோ தெரியல, மத்தியானம் சாப்பிடக்கூட இல்லையாம்."

நாலு மணிக்கு அதிகாரி ரத்து உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழிகாட்டி நாற்காலி விளிம்பில். பெரியவர் உட்காரவே இல்லை, ஒரு துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றுவிட்டார்.

அண்ணி விளக்கின் வெளுத்த வட்டத்தைப் பற்றிச் சொன்னார், சுவரில் இருந்த கையின் தடத்தைப் பற்றிச் சொன்னார். "போலி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் அந்தந்த அறையோட சொத்து. எடுத்தவங்களே திருப்பி வச்சிருக்காங்க."

"கதை. எடுத்தவன் யாரு? ஆளைக் காட்டுங்க. இல்லேன்னா இந்தப் பொண்ணுதான் ஆள்," என்றார் அதிகாரி. பேனா காகிதத்துக்கு அருகில் போனது.

"ஒரு நிமிஷம் சார். கை நிறைய சாமான். ஐயா, கொஞ்சம் அந்தக் கொக்கியில மாட்டிடறீங்களா?" அண்ணி சின்னவனின் பையையும் தன் குடையையும் பெரியவரிடம் நீட்டினார்.

பெரியவர் வாங்கிக்கொண்டு திரும்பினார். அவர் கண் மருமகளின் மேல் இருந்தது. கை பையை மாட்டியது. பிறகு குடையின் கயிற்றைப் பையின் வாருக்குள் அடியிலிருந்து நுழைத்து, மேலே எடுத்துக் கொக்கியின் தலையில் போட்டது.

சின்னவனுக்குக் காலையில் வீணாய் ஏந்திய கை ஞாபகத்துக்கு வந்தது. வெண்ணெய் எது என்று இப்போதுதான் புரிந்தது. காலையிலிருந்து அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறான்.

பெரியவர் கொக்கியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "சொல்லிடலாம்னுதான் வந்தேன்," என்றார். "வாய் வரமாட்டேன்னுது. கை முந்திக்கிச்சு."

"மாமா?" என்றாள் வழிகாட்டி.

"நான்தாம்மா. வேலையில இருந்தப்போ, எப்படியும் எவனாவது பழைய சாமான்னு தூக்கிப் போடுவான், ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு எடுத்தேன். பரண்ல போட்டேன். மறந்தும் போயிட்டேன். நீ வந்து தினமும் வீட்ல பேசிப் பழகுறே. 'எந்தப் புண்ணியவான் எடுத்துட்டுப் போனானோ'ங்கிறே. அந்தப் புண்ணியவான் அடுத்த ரூம்ல நீ போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். தொண்டையில இறங்குமா? சத்தமில்லாம வச்சுட்டா நீ சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன். உனக்கே வினையா வந்து முடியும்னு கண்டேனா?"

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம புரண்டுட்டிருந்தேன் மாமா. நீங்க பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?" என்றவள், பெரியவரின் கன்னத்தில் வழிவதைக் கண்டதும் நிறுத்திவிட்டு எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலி ரூம்னு என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே ரூமை ரொப்பினீங்களா?"

"அந்தப் பட்டயத்தையும் கொண்டாந்திருக்கேன்," என்று பெரியவர் துணிப்பையிலிருந்து கண்ணாடிச் சட்டத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "எனக்கு எது வேணும்னாலும் பண்ணுங்க சார். அவ ஒரு பாவமும் அறியாதவ. அவ இடத்தைப் பூட்டாதீங்க."

அதிகாரி நிமிர்ந்தார். அவருக்கு இது பண்டிகை மாதிரி இருந்தது. "பூட்டத்தான் போறேன். மாமனார் திருடன், மருமக வழிகாட்டி. நல்ல குடும்பம். துறைமுகச் சொத்தை எடுத்தவன் யாரா இருந்தாலும் கேஸ்தான். ஞாபகத்துக்கு எடுத்தேன்னு சொன்னா விட்டுடுவாங்களா?"

"விடக் கூடாது சார். யாரா இருந்தாலும் விடக் கூடாது," என்றார் அண்ணி. கையை நீட்டி, காகிதங்களின் மேல் இருந்த பித்தளைக் குண்டை எடுத்தார். காகிதங்கள் அறை முழுக்கப் பறந்தன. ரத்து உத்தரவு மேஜைக்கு அடியில் போய் விழுந்தது. "நல்ல கனம். தலையில வளையம் வேற. அலை அளக்கிற அறையில ஒரு சங்கிலி தொங்குது, முனையில இப்படி ஒரு குண்டு இருந்ததாம். இப்போ பாவம் கருங்கல்லைக் கட்டி வச்சிருக்காங்க. இது எங்க வாங்கினது சார்?"

அதிகாரியின் சட்டையில் கஞ்சி மட்டும் விறைப்பாக இருந்தது, உள்ளே இருந்தவர் தளர்ந்துவிட்டார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல," என்றார் கடைசியில், மெதுவாக, "சும்மா... ஒரு ஞாபகத்துக்கு..."

"நானே கொண்டுபோய் மாட்டட்டுமா? இல்ல, இதுவும் தானா வந்து சேருமா?"

அதிகாரி குனிந்து ரத்து உத்தரவை எடுத்து, இரண்டாகக் கிழித்தார். பிறகு பெரியவரின் பட்டயத்தை எடுத்துத் தன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து அவரிடமே நீட்டினார்.

"தானா வந்து சேரும்," என்றார்.

வெளியே நடையில் வழிகாட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் கொடி அறைக்கு நீங்களும் வர்றீங்க மாமா. ஊதுகுழல் எப்படிப் போச்சு, எப்படி வந்ததுன்னு நீங்கதான் சொல்லணும். எனக்குப் பாதிக் கதைதான் தெரியும்."

"ஊர் சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். சிரிச்சா இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வருவாங்க."

பெரியவர் பட்டயத்தைத் துணிப்பைக்குள், எழுத்து உள்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். வாய் மட்டும் பழையபடி திரும்பியிருந்தது. வழி நெடுக, சாப்பாடு ஆறியிருக்கும் என்று மருமகளைக் குறை சொல்லிக்கொண்டே போனார். அவளும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டு போனாள்.

சின்னவன் ஸ்கூட்டரிடம் வந்தான். அவனுக்கு மனசு நிறைந்திருந்தது, அதனால் தத்துவம் வந்தது. "பாருங்க அண்ணி, மனுஷன் புத்தியை. பெரிய படிப்பு, பெரிய பதவி, கண்ணுல பட்டதை ஞாபகத்துக்குன்னு சுருட்டிக்கிறது. நம்ம வீட்ல அப்படி உண்டா?" என்று சொல்லிக்கொண்டே சாவிக்காகச் சட்டைப் பையில் கையை விட்டான்.

விரலில் ஏதோ தட்டுப்பட்டது. சின்னதாக, வட்டமாக, பித்தளையாக. பாய் தைக்கும் மாடியில் சுழற்றிக்கொண்டிருந்த வளையம், எப்போது பைக்குள் போனது என்று அவனுக்கே தெரியாது. அவன் பேச்சு பாதியில் நின்றது.

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின் சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"போய் வச்சுட்டு வா," என்றார். "நான் காத்திருக்கேன்."